டூட்டா பொறி: எண்ணிக்கை சொல்லும், பெயர் சொல்லாது

டூட்டா என்றும் சொல்லப்படும் தக்காளி ஊசிப்புழுவுக்கென்று உரக்கடைகளில் இரண்டு வகை இனக்கவர்ச்சிப் பொறி கிடைக்கிறது. ஒன்று, கூரைவீடு மாதிரி மடித்துத் தொங்கவிடும் டெல்டா பொறி. உள்ளே பசை அட்டை. மற்றொன்று, தண்ணீர் ஊற்றி வைக்கும் தட்டுப் பொறி. இரண்டுக்கும் ஒரே லூர்தான், அதாவது பெண் பூச்சியின் வாசனை ஏற்றிய கவர்ச்சிப் பொருள். பயிரைக் காப்பாற்ற எது நல்லது என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். இங்கே நாம் பார்க்கப்போவது வேறு: இந்தப் பூச்சி உங்கள் ஊரில் இருக்கிறது என்று மற்றவர்கள் ஏற்கும்படி பதிவு செய்ய இந்தப் பொறிகள் எவ்வளவு உதவும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பதிவுக்கு டெல்டா வாங்குங்கள். பூச்சியைக் குறைக்கத் தண்ணீர்ப் பொறி வாங்குங்கள். எதில் விழுந்தாலும், விழுந்த அந்தை (அந்துப்பூச்சியை) மட்டும் பார்த்து "இது டூட்டாதான்" என்று எழுதிவிடாதீர்கள். அதற்கான சாட்சி தக்காளி இலையில் இருக்கிறது. இலைக்குக் காசு கிடையாது.

பூச்சியைப் பற்றிச் சுருக்கமாக. தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. பெரு நாட்டின் உவான்காயோவில் கிடைத்த மாதிரியை வைத்துப் பூச்சியியலாளர் மெய்ரிக் 1917இல் இதை விவரித்தார். 2006இல் ஸ்பெயினில் தென்பட்டு, சில ஆண்டுகளில் மத்தியதரைக் கடல் நாடுகள் முழுக்கப் பரவியது. இந்தியாவில் 2014இல் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் கண்டறியப்பட்டது. தமிழ்நாட்டுத் தக்காளி வயல்களுக்கு வர அதிக நாள் ஆகவில்லை. பெயர்தான் பலமுறை மாறியிருக்கிறது. டூட்டா அப்சொலூட்டா என்று நாம் பழகியதை 2021இல் மெய்ரிக் முதலில் வைத்த பேரினத்துக்கே திருப்பி, ஃப்தோரிமேயா அப்சொலூட்டா ஆக்கிவிட்டார்கள். கடைப் பொட்டலத்தில் பழைய பெயர் இருந்தால் அது பழைய சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஆனால் பதிவுகளைத் தேடும்போது இரண்டு பெயரிலும் தேட வேண்டும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: உருளைக்கிழங்கு அந்தும் இதே ஃப்தோரிமேயா பேரினம்தான். குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இனி டெல்டா பொறி. கூடு நெளிவுப் பிளாஸ்டிக் தாளால் ஆனது. மடித்துக் கொக்கியை மாட்டினால் முக்கோணமாக நிற்கும். இரண்டு பக்கமும் திறந்திருக்கும். பசை அட்டையை மேல்தாளை உரித்துவிட்டு, பசை மேலே பார்க்கும்படி கூட்டின் அடித்தளத்தில் செருக வேண்டும். லூரைக் கூரையின் உச்சியிலிருந்து கம்பியில் தொங்கவிடுவது நல்லது. அட்டையின் நடுவிலேயே வைக்கச் சொல்லும் விளக்கத்தாள்களும் உண்டு; அப்படி வைத்தாலும் அந்து விழும். ஆனால் அட்டை மாற்றும்போது லூர் பசையோடு வந்துவிடும், அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் கையெல்லாம் வாசனை ஏறிவிடும்.

அட்டை வாங்கும்போது கட்டம் போட்டதா என்று பாருங்கள். ஒரு அங்குலக் கட்டம் அச்சிட்ட அட்டையில் எண்ணுவது எளிது. படம் எடுத்தால் அளவும் கூடவே பதிவாகிவிடும். வெற்று அட்டைதான் கிடைத்தது என்றால், தாளை உரிக்கும் முன்பே அடிப்பக்கத்தில் அழியாத மையால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை அட்டையில் ஓரளவு தெரியும்.

டெல்டாவின் பலவீனம் புழுதி. மண் பாதை ஓரத்திலோ, பக்கத்து வயலில் உழவு ஓடும் வாரத்திலோ வைத்தால் பசையின் மேல் மண் படிந்து பிடிமானம் போய்விடும். பொறி காலியாக இருப்பதைப் பார்த்து "பூச்சி இல்லை" என்று முடிவு கட்டுவது இப்படித்தான். அட்டையை விரலால் தொட்டுப் பாருங்கள். நூல் இழுக்காவிட்டால் மாற்றுங்கள். புழுதி இல்லாத இடத்தில் இரண்டு வாரம் வரும். 120 நாள் பயிருக்கு எட்டு ஒன்பது அட்டை வேண்டியிருக்கும். கூடு ஒருமுறைச் செலவு. திரும்பத் திரும்பப் பணம் கேட்பவை அட்டையும் லூரும்தான். கடையில் கூட்டின் விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்குபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

தண்ணீர்ப் பொறியில் அந்து அதிகமாக விழும், அதில் சந்தேகமில்லை. புழுதி பற்றிய கவலையும் கிடையாது. தட்டில் தண்ணீர் ஊற்றி, மேற்பரப்பு இழுவிசை போக நாலு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்போ, மெல்லிய எண்ணெய்ப் படலமோ விட்டால் போதும். நுரை பொங்கும் அளவுக்குச் சோப்பு வேண்டாம். லூர் தண்ணீருக்குச் சற்று மேலே தொங்க வேண்டும். தண்ணீரில் விழுந்த லூரைத் துடைத்துத் திரும்ப மாட்டிப் பயனில்லை. கோடையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பாவிட்டால் தட்டு வறண்டு கிடக்கும். மழை பெய்தால் வழிந்து, பிடிபட்டதெல்லாம் மண்ணோடு போகும். ஆடு மேயும் வயலில் தரையில் வைத்தால் அது குடிதண்ணீர்.

பதிவு செய்பவருக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சோப்புத் தண்ணீரில் ஒரு இரவு ஊறினாலே சிறகின் செதில்கள் கழன்று மிதக்கும். ஒரு வாரம் விட்டால் கிடைப்பது பழுப்பு நிறத் துகள். அதைப் பார்த்து எந்த அந்து என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீர்ப் பொறிதான் கைவசம் இருக்கிறது என்றால் தினமும் காலையில் வடிகட்டி, கிடைத்ததை எரிசாராயத்தில் போட்டு வையுங்கள். சிறகின் நிறம் போனாலும், பின்னால் சொல்லப்போகும் உறுப்புச் சோதனைக்கு உடல் உதவும்.

லூர் விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பெண் அந்து வெளிவிடும் வாசனையில் இரண்டு சேர்மங்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 90 பங்கு ஒன்று, 10 பங்கு மற்றொன்று. முதன்மையானதில் மூன்று இரட்டைப் பிணைப்புகள் உண்டு. வெயிலும் சூடும் காற்றும் பட்டால் சிதைவது அந்த இடத்தில்தான். ஆகவே கடைக்காரர் லூரை எங்கே வைத்திருக்கிறார் என்பதைப் பாருங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வாங்குங்கள். கண்ணாடி அலமாரியில் வெயில் படும்படி தொங்கவிட்டிருந்தால், தயாரிப்புத் தேதி எதுவாக இருந்தாலும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் உறையைப் பிரிக்காமல் ஃப்ரீசரில் வையுங்கள். வயலில் நான்கிலிருந்து ஆறு வாரம் வேலை செய்யும். சித்திரை வெயிலில் நான்கு வாரத்தில் மாற்றிவிடுவதே பாதுகாப்பு. தீர்ந்துபோன லூர் பார்வைக்குப் புதியதைப் போலவே இருக்கும். மாட்டிய தேதியைக் கூட்டின் மேலேயே எழுதி வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பச்சைக் காய்ப்புழு லூர், புரோடீனியா லூர், கத்தரித் தண்டுத்துளைப்பான் லூர் எல்லாம் ஒரே பையில் போட்டு எடுத்துப் போவது வழக்கம். அதே கையால் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டுவதும் வழக்கம். இரண்டும் தப்பு. ஒரு லூரின் வாசனை மற்றொன்றில் ஒட்டினால் எந்தப் பூச்சியும் ஒழுங்காக வராது, அல்லது வரக்கூடாதது வரும். ஒவ்வொரு வகைக்கும் தனிக் கையுறை வேண்டும். பிரித்த உறையை வயலில் போடாதீர்கள். அந்த வெற்று உறையையும் ஆண் அந்து சுற்றும். ஒரே கூட்டில் இரண்டு வகை லூர் மாட்டிக் காசு மிச்சம் பிடிக்கும் யோசனையை மறந்துவிடுங்கள். உறையைப் பிரிக்காமலேயே தொங்கவிட்டு "ஒன்றும் விழவில்லை" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களும் உண்டு.

வைக்கும் இடம்: வயலின் காற்று வரும் பக்கத்தில், வரப்பிலிருந்து சில அடி உள்ளே. வாசனை பயிரின் மேலாகப் போக வேண்டும், பயிரை விட்டு வெளியே போகக் கூடாது. உயரம் மிக முக்கியம். நாற்று நட்ட புதிதில் தரையிலிருந்து ஒரு அடிக்குள். செடி வளர வளரக் கூட்டையும் ஏற்றலாம், ஆனால் செடியின் தலைக்கு மேல் போக வேண்டாம். இந்த அந்து தாழப் பறக்கும். காய்ப்புழுப் பொறியைக் கட்டும் குச்சியிலேயே ஆள் உயரத்தில் இதையும் கட்டினால் பிடிப்பு வெகுவாகக் குறையும். கண்காணிப்பும் பதிவும் மட்டுமே நோக்கம் என்றால் ஒரு ஹெக்டேருக்கு இரண்டு மூன்று பொறி போதும். கூட்டமாகப் பிடித்து அழிக்க இருபது, நாற்பது என்று வைக்கச் சொல்வது தனிக் கணக்கு.

பொறியில் விழுவது ஆண் மட்டுமே. பெண் அந்து வாசனைக்கு வராது. முட்டையிடுவதோ பெண்தான், ஒன்று ஏறத்தாழ 260 முட்டை வரை இடும். ஆகவே பொறி எண்ணிக்கையும் செடியில் உள்ள சேதமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு பாலும் வேண்டும் என்பவர்கள் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைக்கலாம், வெளிச்சத்துக்கும் இது வரும். மஞ்சள் ஒட்டும் அட்டையை இதற்காக வாங்க வேண்டாம். அது வெள்ளை ஈக்கானது.

இப்போது முக்கியமான இடம். அட்டையில் பத்துப் பதினைந்து சாம்பல் நிறப் பூச்சி ஒட்டியிருக்கிறது. டூட்டாவா?

உடல் 5 முதல் 7 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு அரிசி மணி. உட்கார்ந்திருக்கும்போது சிறகுகள் உடலோடு ஒட்டிக் கூரை போல மடிந்திருக்கும். முன்சிறகு வெள்ளி கலந்த சாம்பல்பழுப்பு, ஆங்காங்கே கரும்புள்ளி. உணர்கொம்பு நூல் போல மெலிந்தது. மணி கோத்தது போல வெளிர், கருமை என்று மாறிமாறி வளையம் இருக்கும். முகத்துக்கு முன்னால் இரண்டு உதட்டு உணரிகள் கொம்பு போல மேல்நோக்கி வளைந்திருக்கும். 10 மடங்கு கை லென்ஸில் இவையெல்லாம் தெரியும். தபால்தலை பார்க்கும் பெரிய உருப்பெருக்கியை விட்டுவிட்டு, நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்தச் சின்ன மடக்கு லென்ஸை வாங்குங்கள். கண்ணோடு ஒட்டி வைத்து, பூச்சியை லென்ஸுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆனால் இத்தனை அடையாளமும் சேர்ந்து சொல்வது "கெலிக்கிடே குடும்பம், டூட்டாவாக இருக்கலாம்" என்பது வரைதான். அந்தக் குடும்பத்தில் சாம்பல் சிறகும் வளைந்த உணரியும் உள்ள சிறு அந்துகள் ஏராளம். நெருங்கிய உறவுகள் சில இந்த லூருக்கும் வந்து விழும். பசையில் துடித்ததில் செதில் உதிர்ந்திருந்தால் புள்ளிகளையும் நம்ப முடியாது. உருளைக்கிழங்கும் புகையிலையும் பக்கத்தில் இருக்கிற வயலில் உருளைக்கிழங்கு அந்து கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கேதான் இலை. பொறி நிரம்பும் வயலில் பத்து செடியைப் புரட்டிப் பாருங்கள். ஊசிப்புழு குடைந்த இலையில் கோடு இருக்காது, திட்டு இருக்கும்: ஒழுங்கற்று விரிந்து, மேல்தோலும் கீழ்த்தோலும் கண்ணாடித் தாள் போல மிஞ்சிய வெளுத்த திட்டு. உள்ளே ஒரு ஓரத்தில் கறுப்பு எச்சம் குவிந்திருக்கும். பாம்பு ஊர்ந்த தடம் போல வளைந்து வளைந்து போகும் மெல்லிய வெள்ளைக் கோடு என்றால் அது இலைச் சுரங்க ஈ. பல வயல்களில் இரண்டும் ஒரே இலையில் இருக்கும், அதனால் ஒரு படத்தோடு நிறுத்தாதீர்கள். இலையை வெயிலுக்கு நேரே பிடித்தால் உள்ளே இருப்பது தெரியும். ஈயின் புழுவுக்குத் தலையும் கிடையாது, காலும் கிடையாது. மஞ்சள் நிறத்தில் குட்டி அரிசி மாதிரி கிடக்கும். ஊசிப்புழுவுக்குத் தனியான தலையும் கால்களும் உண்டு.

திட்டை ஊசியால் பிரித்துப் புழுவை வெளியே எடுங்கள். முதல் பருவத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. நான்காம் பருவத்தில் 8 மில்லிமீட்டர் வரை வளரும், பச்சையாகவும் முதுகில் இளஞ்சிவப்பு ஏறியும் இருக்கும். தலைக்குப் பின்னால் உள்ள முதல் கழுத்துத் தகட்டைப் பாருங்கள். தகடு வெளிர் நிறமாக இருந்து, அதன் பின்விளிம்பில் மட்டும் ஒரு மெல்லிய கருங்கோடு ஓடினால் அது ஊசிப்புழு. தகடு முழுவதும் கறுத்திருந்தால் உருளைக்கிழங்கு அந்தின் புழுவாக இருக்கலாம். இந்த ஒரு கோட்டைத் தெளிவாகக் காட்டும் படம், பொறி அட்டையின் இருபது படத்தைவிட மதிப்புள்ளது. காயில் பார்ப்பதானால் காம்புக் குல்லாயைத் தூக்கிப் பாருங்கள். குண்டூசி குத்தியது போன்ற துளை பெரும்பாலும் அதன் கீழேதான் ஒளிந்திருக்கும். பெரிய வட்டத் துளை என்றால் அது காய்ப்புழுவின் வேலையாக இருக்கலாம்.

செதில் கெடாத அந்து வேண்டுமென்றால் வளர்த்துத்தான் எடுக்க வேண்டும். நன்கு பெரிய புழு இருக்கும் ஐந்தாறு இலையை, அடியில் டிஷ்யூ தாள் விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, டப்பாவின் வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். மூடி போட்டு இறுக்கினால் ஈரம் தேங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். நனைந்த இலையை அப்படியே போட்டாலும் அதே கதி. கூட்டுப்புழுப் பருவம் நம் வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாள். அந்துக்குப் பதிலாகக் குட்டிக் குளவி வெளியே வந்தால் தூக்கிப் போட வேண்டாம். அது ஒட்டுண்ணி, அதுவும் நல்ல பதிவுதான். வந்த அந்தைச் சில நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து அடங்கியதும் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று என்று படம் எடுங்கள். அடியில் மில்லிமீட்டர் வரைபடத் தாள் இருக்கட்டும். போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் போதும், ஆனால் கையில் பிடித்து எடுத்தால் ஆடும். இரண்டு புத்தகத்தின் மேல் போனைப் படுக்க வைத்து எடுங்கள். வேலை முடிந்ததும் டப்பாவை அப்படியே இரண்டு நாள் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். வளர்த்த பூச்சியைத் தோட்டத்தில் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் மாவட்டத்துக்கு முதல் பதிவு என்று சொல்லப்போகிறீர்களா? அப்படியானால் படம் போதாது. ஆண் அந்தின் பிறப்புறுப்பைப் பிரித்துப் பார்ப்பதுதான் தீர்ப்பு. வயிற்றுப் பகுதியை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, தசை கரைந்தபின் நுண்ணோக்கியில் பிரிக்கிறார்கள். பழகாத கை செய்யும் வேலை இல்லை, காரமும் ஆபத்தானது. மாதிரியை ஒழுங்காகக் கொடுத்தால் பூச்சியியல் துறைகளில் செய்துகொடுப்பார்கள். பெங்களூரில் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் இருக்கிறது, கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. டெல்டா பொறி தண்ணீர்ப் பொறியை வெல்வது இந்த இடத்தில்தான். அந்தைப் பசையிலிருந்து இழுக்காதீர்கள். இழுத்தால் வயிறு அட்டையில் தங்கிவிடும். அதைச் சுற்றி அட்டையைச் சதுரமாக வெட்டி, அப்படியே ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவிட்டால் பசை கரைந்து அந்து தானாக விடுபடும். பிறகு எரிசாராயத்தில் கழுவிக்கொள்ளலாம். ஹெக்சேன் எளிதில் தீப்பிடிக்கும், அடுப்பங்கரையில் செய்ய வேண்டாம். சீட்டில் ஊர், தசம எண்ணில் அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, பயிர், பொறி வகை, எடுத்தவர் பெயர் இருக்க வேண்டும். பென்சிலால் எழுதுங்கள். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும்.

பதிவேற்ற ஐநேச்சுரலிஸ்ட் செயலி நல்ல கருவி, இலவசம், படத்திலிருந்து பெயரையும் பரிந்துரைக்கும். அந்தப் பரிந்துரைதான் அதன் பலமும் பலவீனமும். பெரிய அந்துக்கு நன்றாகச் சொல்லும். சாம்பல் நிறச் சிறு அந்துக்கு முதல் பெயரை அப்படியே அழுத்துவது தவறு. அந்தின் படம் மட்டும் இருந்தால் குடும்பப் பெயரோடு நிறுத்துங்கள். இலைத் திட்டு, கழுத்துக் கோடு, அந்து மூன்றையும் ஒரே பதிவில் சேர்த்தால் இனப் பெயர் வரை போகலாம். "ஆய்வுத் தரம்" என்ற முத்திரை கிடைத்துவிட்டது என்று ரொம்ப மகிழ வேண்டாம். தேதி, இடம், படம் இருந்து, குறைந்தது இரண்டு பேர் கருத்து தெரிவித்து, தெரிவித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அது வந்துவிடும். யாரும் நுண்ணோக்கியில் பார்த்தார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

பதிவில் அடிக்கடி நடக்கும் மூன்று பிழைகள் உண்டு. வாட்ஸப்பில் வந்த படத்தை ஏற்றுவது: இடமும் நேரமும் அதில் அழிந்திருக்கும், செயலி நீங்கள் உட்கார்ந்திருக்கும் வீட்டையோ இன்றைய தேதியையோ போட்டுவிட வாய்ப்பு உண்டு. பயிர் வயலில் எடுத்தது என்பதால் "வளர்க்கப்பட்டது" என்று குறிப்பது: தக்காளி வளர்க்கப்பட்டது, அந்து தானாக வந்தது, குறி செடிக்குத்தான் பொருந்தும். ஒரு வாரம் தொங்கிய பொறிக்கு ஒற்றைத் தேதி கொடுத்து அதோடு விடுவது: எடுத்த நாளைத் தேதியாகப் போட்டு, எத்தனை இரவு தொங்கியது என்பதைக் குறிப்பில் எழுத வேண்டும்.

காலியாக இருந்த வாரத்தை ஏற்ற அந்தச் செயலியில் இடம் கிடையாது. அதற்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று தனியாக வேண்டும்: பொறி எண், லூர் மாட்டிய தேதி, அட்டை மாற்றிய தேதி, தொங்கிய இரவுகள், பிடிபட்ட எண்ணிக்கை, செடியின் பருவம், மழை பெய்ததா. ஒன்றும் விழாத வாரத்தில் எண்ணிக்கைக் கட்டத்தில் கோடு போடாமல் பூஜ்யம் என்றே எழுதுங்கள். பொறியைப் பார்க்கவே போகாத வாரத்துக்குத்தான் கோடு.